நாவும் அறிவும்

பிறர்க்காக எழுதிக் கொடுப்பது என் தொழில். நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் மாவட்டத்துத் தோட்டமொன்றில் நான் கிராணியாக இருக்கின்றேன். ஆள்கணக்கு, குலைக்கணக்கு, சம்பளப் பட்டியல் ஆகியவை போக, லயத்திலுள்ளோர்க்கு வேண்டிய விண்ணப்பங்கள் யாவும் என் மேசைக்கே வந்து சேரும். பிறப்புப் பத்திரம் தொலைந்தால் கிராணி. சேமநிதிப் பணம் வரவில்லையென்றால் கிராணி. பள்ளிக்கூடத்துப் படிவம் மலாயில் வந்தால் அதற்கும் கிராணி. இப்படி நான் எழுதிக் குவித்த சொற்களுள் ஒரேயொரு சொல்லைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அதை எழுதியதற்காக இன்றும் வெட்கப்படுகின்றேன்.

மூன்றாண்டுகளுக்கு முன், என் தமக்கை தன் மகனை முதலாம் வகுப்பில் சேர்ப்பதற்கான படிவங்களைக் கொண்டுவந்தாள். பிள்ளையின் நிலைமை யாது என்று கேட்கும் கட்டம் ஒன்று அதில் இருந்தது. "இதில் என்ன எழுதுவது, அக்கா?" என்றேன். "நீ படிச்சவன், நீயே பார்த்து எழுதுப்பா" என்றாள். நானும் பார்த்தேன். பையன் வாசற்படியில் குந்தி, செம்பனைப் பழங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஆறு வயது. பேச்சோ இரண்டிரண்டு சொற்கள். "லெம்பாம்" என்று எழுதினேன். மந்தம் என்பதற்கு மலாய்க்காரர் வழங்கும் சொல் அது. எழுதி முடிக்க எனக்கு இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவன் வளர்ந்து இதைப் படிக்கும் நாள் வரும். அப்போது அவனுக்கு விருப்பமிருந்தால் அவனே சொல்லிக்கொள்ளட்டும்.

அவனைப்பற்றித் தோட்டத்தில் நிலவிய கருத்துகளை முதலில் சொல்லிவிடுகின்றேன். செவிடு என்றார் சிலர்; ஆனால் காதைச் சோதித்த மருத்துவர் காது பழுதற்றது என்றார். பூர்வஜன்ம வினை என்றார் வேறு சிலர். அவ்வினையை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எவர் பதிந்து வைத்திருக்கிறார் என்று ஒரு கிராணி என்ற முறையில் கேட்க எனக்கு உரிமையுண்டு, கேட்டேன், விடை வரவில்லை. லயத்து மூதாட்டியர் மூவர் ஒன்றுகூடி, குமரகுருபரர் கதையை என் தமக்கைக்குச் சொன்னார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த அப்புலவர், ஐந்து வயது வரை வாய் பேசாதிருந்து திருச்செந்தூரில் பாடத் தொடங்கினார் என்பது கதை. அவர் பாடிய தமிழின் அருமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பேச்சு வராத பிள்ளையைப் பெற்றவள் அக்கதையைக் கேட்டால் என்ன செய்வாள்? ஐந்து வயது வரை காத்திருப்பாள். அப்புறம் ஆறு வரை. என் தமக்கையும் காத்திருந்தாள். நேர்ந்துகொண்டாள், அலகு குத்திக்கொண்டாள், காத்திருந்தாள். உதவி மிகுந்த பயன் தரக்கூடிய அவ்வாண்டுகள் நேர்த்திக்கடனிலே கழிந்தன.

மூதாட்டியர் மீது எனக்குக் கோபமில்லை. அவர்கள் படிக்காதவர்கள். படித்தவனாகிய நான் செய்தது அதனினும் கேடு. என் தந்தையார் கடன்பட்டு என்னைச் சிரம்பானில் ஆங்கிலவழிப் பள்ளியொன்றில் படிக்க வைத்தார். தமிழை நான் ஒழுங்காகக் கற்றது இருபது வயதுக்குப் பின்னரே. அப்பள்ளியில் முதலாண்டு முழுதும் நான் வாய் திறவாமல் இருந்ததுண்டு. ஆகவே பேசாமைக்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் தமிழ், கடையில் மலாய், தொலைக்காட்சியில் ஆங்கிலம், மூன்று மொழிகள் ஒரு சிறுவன் தலையில் மோதிக்கொள்கின்றன, அதனால் குழம்புகிறான் என்று தீர்ப்புக் கூறி, "இனிமேல் அவனிடம் தமிழே பேசாதே, ஆங்கிலம் ஒன்றே பேசு" என்று என் தமக்கைக்குக் கட்டளையிட்டேன். அவளோ ஆங்கிலத்தில் முப்பது சொல் அறிந்தவள். அம்முப்பதும் தீர்ந்தபின் அவள் பேசாமலிருந்தாள். பால்மரம் வெட்டும்போது பாடிக்கொண்டே வெட்டியவள், சோறூட்டும்போது கதை சொல்லிக்கொண்டே ஊட்டியவள், எட்டு மாதம் தன் பிள்ளையிடம் ஊமையாக இருந்தாள். படிவத்தில் எழுதிய சொல் என் முதற் குற்றம், இது இரண்டாவது, இரண்டில் பெரியதும் இதுவே.

மொழிகள் பலவாயிருப்பதால் இக்குறைபாடு உண்டாவதில்லை. இந்நாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டு மூன்று மொழிகளுக்கிடையே வளர்கிறார்கள். வளர்ந்து கடைத்தெருவில் மூன்றிலும் பேரம் பேசுகிறார்கள். புதுமொழியை அறியாமல் பேசாதிருந்த நான், வீட்டுக்கு வந்தவுடன் தமிழில் ஓயாமல் பேசினேன். என் மருமகனுக்கோ எம்மொழியிலும் அதே இடர். ஒரு மொழியை எடுத்துவிட்டால் மற்றது பெருகும் என்பது, ஒரு மங்கைக் கவிழ்த்தால் அடுத்த மங்கில் பால் நிறையும் என்பது போன்ற கணக்கு. இதை எனக்குச் சொன்னவர் நகரத்து மருத்துவமனையொன்றில் பேச்சுப் பயிற்சியளிக்கும் ஒரு மலாய் மாது. தமிழ் அறியாதவர். ஆயினும் தமிழ் பேசச் சொன்னவர் அவரே. தமிழறிந்த நான் வேண்டாம் என்றேன். தமிழறியாத அவர் வேண்டும் என்றார்.

இனி, அவன் அறிவைப் பற்றி என் எண்ணம் எப்படி மாறியது என்பதைச் சொல்லுகின்றேன்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள். அவன் தந்தை, என் அத்தான், குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர். பையன் அவரோடு தொற்றிக்கொண்டு வந்திருந்தான். அன்று நான் குலைக்கணக்கைச் சரிபார்ப்பதற்காகக் காட்டுக்குப் போயிருந்தேன். அறியாதார்க்கு ஒரு சொல்: செம்பனைக் குலையை வெட்டுகிறவர், தம் நிரையில் வெட்டிய குலைகளைச் சாலையோரத்து மேடையில் அடுக்கி, காம்பின் வெட்டுமுகத்தில் தம் எண்ணை எழுதிவைப்பார். அவ்வெண்ணைப் பார்த்தே மண்டோர் கணக்கெடுப்பார். அக்கணக்கைப் பார்த்தே நான் சம்பளம் எழுதுவேன். காம்பிலுள்ள எண் மாறினால் கூலி மாறும்.

பையன் புல்லுக்குள்ளிருந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தான். அருகில் போய்ப் பார்த்தேன். காம்பிலிருந்து சீவி எறிந்த மெல்லிய வில்லைகள். "கையைக் கழுவு, அழுக்கு" என்று அதட்டினேன். அவன் பொருட்படுத்தவில்லை. வில்லைகளைச் சட்டையில் ஏந்திக்கொண்டு 12-ஆம் எண் மேடைக்குப் போனான். ஒரு வில்லையை எடுத்து ஒரு குலைக் காம்பின்மேல் வைத்தான், பொருந்தவில்லை. அடுத்த குலை, பொருந்தவில்லை. மூன்றாவது பெரியதாக இருந்தது. அதை வைத்துப் பார்க்காமலே தாண்டிப் போனான். ஐந்தாவது குலையில், பானைக்கு மூடி போட்டது போல் வில்லை பொருந்தியது. நாரோடு நார் சேர்ந்தது. இப்படியே ஏழு வில்லைகளுக்கும் ஏழு குலைகளைக் கண்டுபிடித்தான். பிறகு என் கையைப் பிடித்திழுத்து, வில்லையைப் புரட்டிக் காட்டினான். அதில் 17 என்று எழுதியிருந்தது. காம்பிலோ 12.

17-ஆம் எண்ணுக்குரியவர் லொம்போக்கிலிருந்து வந்து ஒரு மாதமும் ஆகாத புதிய ஆள். தமிழ் தெரியாது, இத்தோட்டத்து வழக்கமும் தெரியாது. அவர் வெட்டிய குலையை எடுத்துக் காம்பின் நுனியைச் சீவி, புது முகத்தில் 12 என்று எழுதி மேடை மாற்றியிருக்கிறார்கள். பையன் நிரையின் கோடியைச் சுட்டிக்காட்டி, "அவன்... இது. இவன் வெட்டு" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. எவன், எது, யார் எதை வெட்டியது என்று அச்சொற்களிலிருந்து ஒருவரும் அறிந்துகொள்ள முடியாது. ஆனால் ஏழு குலைகளும் ஏழு வில்லைகளும் அங்கே இருந்தன.

மண்டோர் சிரித்தார். "ஊமைப் பிள்ளை சாட்சியை வைத்தா கணக்கு மாற்றப் போறீங்க, கிராணி ஐயா?" என்றார். உண்மையைச் சொன்னால், ஒரு கணம் நானும் தயங்கினேன். அவனை மந்தம் என்று முத்திரையிட்டுக் கையெழுத்து வைத்தவன் நானன்றோ? பிறகு குனிந்து, ஏழு வில்லைகளையும் நானே ஒருமுறை வைத்துப் பார்த்தேன். கணக்கை மாற்றினேன். 17-இன் பெயரில் ஏழு குலைகள் ஏறின.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. பகுத்தறிவு, பகுத்தறிவு என்று நாம் மேடைதோறும் முழங்குகின்றோமே, அது எங்கே இருக்கிறது? நாவிலா? நன்றாகப் பேசுகிறவனை அறிவாளி என்கிறோம். சொல் தடுமாறுகிறவனை மடையன் என்கிறோம். நம் கூட்டங்களிலேயே பாருங்கள். அடுக்குமொழியில் முழங்கினால் கைதட்டல், தயங்கித் தயங்கி நியாயம் சொன்னால் கொட்டாவி. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவால் வகுக்கும்போது மெய், நா, மூக்கு, கண், செவி என்று ஐந்தையும் அடுக்கி, ஆறாவதாக மனத்தை வைத்தார். நாவை அவர் சுவைக்காக இரண்டாமிடத்தில் வைத்தார். பேச்சுக்காக ஓர் அறிவை வகுக்கவில்லை. இதை நான் பள்ளியிற் படிக்கவில்லை. பின்னாளில் படித்தபோதும் அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை. குலைமேட்டில் உறைத்தது.

அதன்பின் கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்தேன். 1861-இல் பாரிஸ் நகர மருத்துவர் பால் புரோக்கா ஒரு நோயாளியைக் கண்டார். அவனால் ஏறக்குறைய ஓரசை ஒன்றைத்தவிர வேறெதுவும் சொல்ல இயலவில்லை. எழுத்துவடிவில் பார்த்தால் தமிழ்க் கண்ணுக்கு அது 'தான்' என்பது போலிருக்கும். எதைக் கேட்டாலும் தான், தான். ஆயினும் எண்ணிக்கையைக் கேட்டால் விரல்களால் காட்டினான். அவன் இறந்தபின் மூளையைத் திறந்து பார்த்து, இடப்பக்கத்தில் முன்பகுதி பழுதுபட்டிருந்ததை புரோக்கா கண்டார். பேச்சுக்கு மூளையில் தனியிடம் உண்டு என்னும் அறிவு அங்கிருந்து வளர்ந்தது. இன்றைய ஆய்வாளர் இன்னும் ஒருபடி போயிருக்கிறார்கள். மூளைத் தாக்கத்தால் மொழியை இழந்தோருள் சிலர் கணக்குப் போடுகிறார்கள், சதுரங்கம் ஆடுகிறார்கள், காரண காரியம் ஆய்கிறார்கள். 2024-இல் எவலினா பெதொரென்கோ முதலிய மூவர் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில், மொழி முதன்மையாகக் கருத்தைப் பரிமாறும் கருவியே, சிந்தனைக்கு அது இன்றியமையாததன்று என்று இச்சான்றுகளைத் தொகுத்து வாதிட்டிருக்கிறார்கள்.

சொல்லில்லாமல் அறிவை அளக்கும் முயற்சியும் பழையதே. 1929-இல் ரஸல் லைட்டர் என்பவர் ஹவாய்த் தீவில், சீனரும் சப்பானியருமாகிய பல இனத்தார் பிள்ளைகளை அளக்கும் பொருட்டு, பேச்சு வேண்டாத சோதனையொன்றை உருவாக்கினார். அத்தீவும் கரும்புத் தோட்டங்களால் நிறைந்தது. கூலிக்கு வந்த பல மொழியினர் பெற்ற பிள்ளைகள் ஒரே பள்ளியில் உட்கார்ந்திருந்த இடம். எங்கள் லயத்துக்கும் அதற்கும் பெருந்தூரமில்லை. 1938-இல் இங்கிலாந்தில் ஜான் ரேவன் என்பவர் வேறொரு சோதனையை வெளியிட்டார். ஒரு கோலத்தில் ஒரு துண்டு விடுபட்டிருக்கும்; கீழே ஆறு அல்லது எட்டுத் துண்டுகள் கொடுத்திருப்பார்கள்; எது பொருந்தும் என்று விரலால் காட்டினால் போதும். அதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். என் மருமகன் அச்சோதனையைப் புல்தரையில் தானே அமைத்துத் தானே எழுதித் தேறியிருந்தான்.

மருத்துவமனையிலும் அவ்வாறே ஆயிற்று. படக்கோலங்களில் அவன் வயதுக்கு ஏற்ற அளவு தேறினான். வாக்கியத்தைக் கேட்டு அதற்குரிய படத்தைக் காட்டுவதில் நான்கு வயதுப் பிள்ளையின் அளவில் நின்றான். வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். இங்கிலாந்தில் 2016-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பொன்றின்படி, பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழுபேருக்குமேல் இவ்வகைக் குறை உண்டு. செவிடோ வேறு நோயோ காரணமாகாது. முப்பது பேர் வகுப்பில் இரண்டுபேர். நம்மில் ஒவ்வொருவரும் அப்படிப்பட்டவரோடு படித்திருக்கின்றோம். அவரைக் கடைசி வரிசை என்று அறிவோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்பிள்ளைகள் எல்லோரும் ஊமை மேதைகள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது மூதாட்டியர் சொன்ன கதையையே வேறு வேடத்தில் சொல்வதாகும். 2014-இல் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, இக்குறையுள்ள பிள்ளைகள் சொல்லற்ற சோதனைகளிலுங்கூட மற்றப் பிள்ளைகளைவிடச் சராசரியில் ஏறத்தாழ பத்துப் புள்ளி குறைவாகப் பெற்றமை தெரிந்தது. ஏன்? பிள்ளைகள் கடினமான காரியம் செய்யும்போது தமக்குத்தாமே பேசிக்கொள்கிறார்கள். அப்பேச்சே உள்ளடங்கி எண்ணமாகிறது என்று உருசிய நாட்டு வைகோத்ஸ்கி 1934-இல் வந்த நூலில் எழுதினார். அந்த உட்பேச்சு தடுமாறினால், படத்தைப் பார்த்து ஆராயும்போதும் கைப்பிடி இல்லாமற் போகலாம். மொழிக்கும் ஆய்வுக்கும் பொதுவான நினைவாற்றல் குறைந்திருக்கலாம் என்பாரும் உண்டு. ஆகவே நாவு வேறு, அறிவு வேறு என்று கத்தியால் வெட்டினாற்போல் பிரிக்க முடியாது. என் மருமகனுக்குப் படச் சோதனை நன்றாக அமைந்தது; அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அமையாமலும் போகலாம். அதனால் அப்பிள்ளைக்கு உதவி வேண்டாமென்று ஆகுமா? முன்பு பல நாடுகளில் அப்படித்தான் செய்தார்கள். படச் சோதனையில் தேறினால்தான் மொழிக்குறை என்று ஒப்புக்கொண்டு உதவுவது. தேறாவிட்டால் மந்தம் என்று ஒதுக்குவது. 2016, 2017 ஆண்டுகளில் டாரதி பிஷப் என்னும் அம்மையார் முன்னின்று, ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் வல்லுநர் பலரைக் கூட்டி, அந்த நிபந்தனையை நீக்க உடன்பாடு கண்டார். இச்செய்தி எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறது.

சொல்லோடு கூடிய ஆய்வில் இப்பிள்ளை எங்கே இடறுகிறான் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்லுகின்றேன். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

பள்ளிக்கு அவன் போவது வேனில். வேன் பழுதாகி, மறுநாள் மாலை வராது என்று தெரிந்தது. பள்ளிக்கும் லயத்துக்கும் அரை மைல்தான். மழைக்காலமாதலால் என் தமக்கை காலையில், "இன்னைக்கு மழை பெய்தாலும் நடந்தே வந்துடு" என்று இருமுறை சொல்லி அனுப்பினாள். அன்று மழை பெய்யவில்லை; நல்ல வெயில். மாலை நான்காயிற்று, ஐந்தாயிற்று, பையனைக் காணோம். இருட்டும் வேளையில் அத்தான் ஓடிப்போய்ப் பார்த்தால், பள்ளிக்கூடத்து வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பயத்தில் அத்தானுக்குக் கோபம். இரண்டு அடி விழுந்தது. "ஏன்டா வரல?" என்று கேட்டதற்கு அவன் வானத்தைக் காட்டி, "மழ இல்ல" என்றான். லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகும்.

அவன் காதில் விழுந்தது 'பெய்தாலும்' அன்று, 'பெய்தால்'. மழை பெய்தால் நட. மழை பெய்யவில்லை. ஆகவே நடக்கக்கூடாது, வேன் வரும். பசியோடும் பயத்தோடும் மூன்று மணிநேரம் தன் முடிபைக் கைவிடாமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கிடைத்த வாக்கியம் பழுது. அதன்மேல் அவன் கட்டிய ஆய்வில் பழுதில்லை. அடியோ ஆய்வுக்கு விழுந்தது.

தமிழில் 'உம்' எத்தனை சிறியது! சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டு, பேச்சு விரைவில் பாதி மூக்கிலே கரைந்துபோவது. அவ்விடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் உண்டென்று தொல்காப்பியர் இடையியலில் வகுத்திருக்கிறார். 'மழை பெய்தால் வெட்டு இல்லை', 'மழை பெய்தாலும் வெட்டு உண்டு'. ஒரு பால்வெட்டுக்காரரின் கூலி அந்த 'உம்'மில் தொங்குகிறது. காலம், எதிர்மறை, நிபந்தனை, யார் யாருக்குச் செய்தார் என்பது, யாவற்றையும் நம் மொழி சொல்லின் வாலிலே வைத்திருக்கிறது. வந்த பையன், வராத பையன், கொடுத்தான், கொடுத்தாள். வாலை இழந்தால் வாக்கியம் தலைகீழாகும். அதற்குமேல் வீட்டுத்தமிழ் ஒன்று, ஏட்டுத்தமிழ் ஒன்று என்று நாம் இரட்டை வைத்திருக்கின்றோம். வீட்டில் 'பெஞ்சா' என்று கேட்ட பிள்ளை பள்ளியில் 'பெய்தால்' என்று காண்கிறான். நானோ அதைவிட அடர்ந்த தமிழில் இதை எழுதிக்கொண்டிருக்கின்றேன். என் மருமகன் இதன் முதல் வாக்கியத்தைக்கூடத் தாண்டமாட்டான். இதையும் ஒப்புக்கொள்ளுகின்றேன்.

கணக்குப் பாடத்திலும் இதே கதை. 'கண்ணனிடம் 15 பழங்கள் உள்ளன. அவனிடம் முருகனைவிட 4 பழங்கள் அதிகம். முருகனிடம் எத்தனை?' அதிகம் என்ற சொல்லைக் கண்டதும் பையன் கூட்டி 19 என்று எழுதுகிறான். தவறு. கணக்கே வராது என்று குறிப்பு வருகிறது. அதே கணக்கை நான் செம்பனைப் பழங்களை இரண்டு வரிசையாக வைத்துக் காட்டினால், நான்கைத் தள்ளிவிட்டுப் பதினொன்றை எண்ணிக் கொடுக்கிறான். எதைச் சோதித்தார்கள்? கழித்தலையா, 'விட' என்னும் இரண்டெழுத்தையா?

ஆசிரியர்களை மட்டும் குறைசொல்ல எனக்கு வாயில்லை. பிரிட்டிஷார் காலத்தில், 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஒரே இனத்தைச் சேர்ந்த ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும். துரைமார் சட்டத்துக்குப் பள்ளி வைத்தார்கள். பாடஞ்சொல்ல ஆள் வைப்பதில் சிக்கனம் பிடித்தார்கள். ஆகவே பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ வாத்தியாராயினர். ஆட்டுக்கொட்டகை போன்ற ஓரிடத்தில், பிரட்டுக் கணக்கு முடித்த கையோடு பிரம்பெடுத்து, அ ஆ சொல்லாதவனை மடையன் என்று தள்ளிவைத்தவர்கள் என் நாற்காலியில் எனக்குமுன் இருந்தவர்கள். தள்ளப்பட்டவன் பத்து வயதில் வாளியைத் தூக்கினான். அவர்களுள் எத்தனைபேர் மந்தர், எத்தனைபேர் 'உம்'மைத் தவறவிட்டவர் என்று எந்தப் புத்தகத்திலும் பதிவில்லை.

இன்று நிலைமை அவ்வளவு கெடவில்லை. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இருக்கிறது. சமூகநலத்துறையின் பதிவில் பேச்சுக் குறைபாடு ஒரு தனிப்பிரிவு. 2019 முதல் எப்பிள்ளையையும் பள்ளி மறுக்கலாகாது என்னும் கொள்கை நடப்பில் உள்ளது. சேர்த்துக்கொள்கிறார்கள், உண்மை. சேர்த்துக்கொண்ட பிள்ளை எதை அறியான், எதை அறிவான் என்று பார்க்க நேரமும் ஆளும் வேண்டும். தமிழிலே சோதித்துப் பார்க்க வல்ல பேச்சுப் பயிற்சியாளரை நாங்கள் இன்னும் காணவில்லை. அந்த மலாய் மாது படங்களை வைத்துக்கொண்டு, என் தமக்கையை மொழிபெயர்க்கச் சொல்லியே காரியம் நடத்துகிறார். மாதம் ஒருமுறை, முறை தவறினால் மூன்று மாதம்.

வீட்டில் நாங்கள் செய்வது சிறிது. 'உம்'மை அழுத்திச் சொல்லுகின்றோம். சொன்னபின் அவன் என்ன கேட்டான் என்பதை அவனையே செய்துகாட்டச் சொல்லுகின்றோம். நீள வாக்கியத்தை இரண்டாக்குகின்றோம்: "மழை வரும். நட. மழை இல்லை. அப்பவும் நட." என் தமக்கை மறுபடி பாடத் தொடங்கிவிட்டாள். பையன் இப்போது நான்கு ஐந்து சொல் கோத்துப் பேசுகிறான். வால்கள் இன்னும் உதிர்கின்றன. அவனுக்கு வயது ஒன்பது. சிற்சில நாளில், பேச வந்து சொல் கிடைக்காமல், சுவரில் தலையை முட்டிக்கொள்வான். அப்போது நாங்கள் காத்திருக்கின்றோம், வேறு செய்வதறியோம்.

சென்ற மாதம் பள்ளியிலிருந்து புதிய படிவம் வந்தது. அதே கட்டம். இம்முறை அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதினேன்: கேட்கும் வாக்கியத்தின் சிறுகூறுகள் தவறுகின்றன, கண்ணால் கண்டதை நன்கு ஆராய்வான், வினாவைப் படத்தாலும் பொருளாலும் காட்டிக் கேட்கவேண்டும், விடை சொல்ல அவகாசம் வேண்டும். கட்டம் சிறியது, எழுத்துப் பொடியாகி ஓரத்தில் ஏறியது. நான்கு நாளில் படிவம் திரும்பிவந்தது. ஒரே சொல்லில் நிரப்புக என்று பென்சிலால் குறித்திருந்தார்கள்.

தனித்தாளில் எழுதி ஒட்டியிருக்கின்றேன். ஒட்டுவதற்குப் பசை பூசியவன் அவன். தாளைத் திருப்பிப் பார்த்து, எழுத்துள்ள பக்கம் எதுவென்று தேர்ந்து, வெறும் பக்கத்திலே பூசினான்.